ஜிம்மாக நின்ற வெள்ளைப் பையன்

'அட, படம்தானே, சின்னப் பசங்களுக்காகப் போட்டது' என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். பிரதியை வரிவரியாகக் கட்டுடைக்கிறவர்கள்கூட அதன் பக்கத்திலிருக்கும் கோட்டோவியத்தை வாசிப்பதில்லை. மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' முதல் பதிப்பை (இங்கிலாந்தில் 1884 டிசம்பர், அமெரிக்காவில் 1885 பிப்ரவரி) முன்வைத்து இதைப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

அதில் 174 படங்கள். வரைந்த எட்வர்ட் கெம்பிளுக்கு அப்போது 23 வயது. பேனாவும் கறுப்பு மையும்தான் கருவி. நிழல், துணி, தோல் எல்லாமே கோடுகளை நெருக்கியும் தளர்த்தியுமே வந்தாக வேண்டும். ஹக்கிடம் அந்தக் கோடு துள்ளுகிறது. ஊர்சுற்றிப் பையன் ஒருவன் நம் முன்னால் நிற்கிறான். அவனோடு மிசிசிப்பியில் தெப்பமேறித் தப்பும் அடிமை ஜிம்மிடம் வரும்போது, பல இடங்களில் கோடு பழைய அச்சில் போய் விழுகிறது: தடித்த உதடு, மருண்ட கண். கரி பூசிக்கொண்டு ஆடிய வெள்ளை மேடைக் கோமாளியின் முகம்.

1930இல் கெம்பிளே எழுதியிருக்கிறார்: எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே மாடல், அக்கம்பக்கத்து வெள்ளைப் பையன். கம்பளிக் குல்லாயை மாட்டி உதட்டைப் பிதுக்கினால் ஜிம் ரெடி. ஆக, அந்தக் கோடுகளுக்குப் பின்னால் கறுப்பு உடம்பே இல்லை. கறுப்பர் பற்றிய வெள்ளை நினைப்புதான் நின்றுகொண்டிருக்கிறது.

பிரதியோ வேறு திசையில் நகர்கிறது. தான் ஏமாற்றிய ஜிம்மிடம் 15ஆம் அத்தியாயத்தில் ஹக் மன்னிப்புக் கேட்கிறான். அவர் பெண்டாட்டி பிள்ளைக்காக ஏங்குகிற மனுஷன் என்று பிறகு தெரிந்துகொள்கிறான். (ஜிம்மை 'அவன்' என்றெழுத எனக்குக் கை வரவில்லை.) கடைசி அத்தியாயங்களில் ட்வைனே அவரை டாம் சாயரின் விளையாட்டுப் பொம்மையாக்குவதும் உண்மைதான்.

ட்வைன் படங்களைப் பார்க்காமல் விட்டவரல்ல. ஹக்கின் வாய் தேவைக்குமேல் ஐரிஷ் ஜாடையாக இருப்பதாகக் குறைப்பட்டார். மதக்கூட்டத்தில் கிழவன் பெண்ணை முத்தமிடும் படத்தை நீக்கச் சொன்னார். அச்சுத் தகடு ஒன்றில் யாரோ ஆபாசமாகக் கைவைத்துவிட, பதிப்பகம் பதறிப்போய் அந்தப் பக்கத்தையே மாற்றியது. ஜிம்மின் முகமோ அப்படியே அச்சேறியது. 1896இல் கெம்பிள் கறுப்புக் குழந்தைகளின் கேலிப்படங்களைத் தனிப் புத்தகமாகவே போட்டார், தலைப்பிலேயே வசைச்சொல்.

எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையும் படத்தை வாசித்துவிடுகிறது. ஒரு நதி நீளம் பயணப்பட்டு ஹக் உதறப் பார்க்கிற பார்வையை, அதற்குள் மை அதன் கண்ணில் ஏற்றிவிடுகிறது. குழந்தை இலக்கியம் பேசுகிற நண்பர்கள், யார் எழுதியது என்பதோடு நிற்காமல், யார் வரைந்தது, யாரை நிற்கவைத்து வரைந்தது என்றும் கேட்டாக வேண்டும்.