ஒரு சோறு பதமாகுமா?

1956-இல் ஹட்சின்சனும் லோஃப்லரும் வகுத்த ஏரிப் பாகுபாடு, ஆழமான ஏரிகளுக்கு நல்ல வழிகாட்டி. குளிர்நாட்டு ஏரி ஆண்டுக்கு இருமுறை மேல்கீழாகக் கலப்பதை அது தெளிவாக்குகிறது. ஆனால், தாம்பரத்தை அடுத்த செம்பாக்கம், சிட்லபாக்கம் போன்ற ஆழமற்ற ஏரிகளுக்கு அது பொருந்துமா?

பொருந்தாது. நீர் 4 பாகையிலிருந்து 5 பாகைக்குச் சூடாகும்போது குறையும் அடர்த்தியைப்போல் முப்பது மடங்குக்கு மேல், 29-லிருந்து 30-க்கு ஏறும்போது குறைகிறது. எனவே நம் ஊரில் ஒரு பகல் வெயிலே நீரை அடுக்குகளாக்கிவிடும். இரவுக் குளிர்ச்சி மீண்டும் கலக்கும்.

சாக்கடையின் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டு பெருகும் நீலப்பச்சைப் பாசி, பகலில் மேல்நீரை ஆக்சிஜனால் நிரப்பும். அடிச்சேற்றிலோ ஆக்சிஜன் வேண்டாத நுண்ணுயிர்கள் மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்கும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசிக்க, விடியலில் ஆக்சிஜன் வற்றி மீன்கள் மடிவதும் உண்டு. கோடையில் நீர் சுருங்கப் பாசி செறியும். ஐப்பசி மழை நீரைப் பெருக்கிச் சேற்றைக் கலக்கும்.

1983-இல் லூயிஸ் பாகுபாட்டைத் திருத்தி, ஆழமற்ற ஏரிகளுக்கும் இடமளித்தார். நாம்தான் இன்னும் திருந்தவில்லை. நண்பகலில் கரையோரம் ஒரு புட்டி நீர் எடுத்து, 'ஏரி நலம்' என்று எழுதிவிடுகிறோம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், ஏரிக்கு அன்று. மேலும் அடியும், நண்பகலும் விடியலும், கோடையும் மழையும் சோதித்த பிறகே தீர்ப்புக் கூறவேண்டும்.