ஜீனோவோடு ஒரு நைட் ஷிஃப்ட்

நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் அது தானாகவே நின்று சிவப்பு விளக்கைக் காட்டும். அப்பா அறுந்த நூலை முடிச்சுப் போட்டுவிட்டு, "செரி கண்ணு, ஓடு" என்று தட்டிக்கொடுப்பார். சாப்பாடு கொண்டுபோகும் இரவுகளில் பார்த்திருக்கிறேன். பின்னாளில் எழுத்தாளர் சுஜாதாவின் ஜீனோவைப் படித்தபோது, ஏற்கெனவே பழகிய ஒருவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

ஜீனோ வரும் 'என் இனிய இயந்திரா' நாவல் எண்பதுகளில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, வேஸ்ட் நூலால் தைத்து வைத்திருந்தார் அப்பா. ஜீவா ஆளும் வருங்கால இந்தியா. கணவன் சிபியைத் தேடும் நிலா. அவள் வீட்டுக்கு ரவியோடு வந்து சேரும் இயந்திர நாய் ஜீனோ. அந்த ஆட்சியின் கொடுமையைச் சுஜாதா பெயர்களிலேயே காட்டிவிடுகிறார். யாருக்கும் பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. நிலா, சிபி, ரவி, ஜீவா. ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், நான்கும் ஐந்துமாகச் சிதறிவிடும். தமிழ் எழுத்தை எண்ணியே கட்டிய அடக்குமுறை அது. மில்லில் டோக்கன் நம்பரால் கூப்பிடப்பட்டவர்களுக்குச் சட்டென்று உறைக்கும்.

ஜீனோவை நாயாக்கியது அதைவிடப் பெரிய நுட்பம். தொல்காப்பியக் கணக்கில் விலங்குக்கு ஐந்தறிவு, மனிதருக்கு ஆறு. உயிரே இல்லாத ஒன்றுக்கு ஐந்தறிவின் உருவத்தைக் கொடுத்து, புத்தகம் புத்தகமாகப் படித்து அது ஆறாவது படியில் கால் வைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வைக்கிறார். அதுவும் கேலி கலந்த வீட்டுத் தமிழ் பேசிக்கொண்டே. அதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' வந்தபோது வாசகர்கள் கதையைவிட அந்த நாயைத்தான் தேடிப் போனார்கள் என்பேன்.

ரோபோ சிட்டியின் கதையான 'எந்திரன்' படம் 2010இல் வந்தது. வசனத்தில் பங்குகொண்ட சுஜாதா 2008இலேயே போய்விட்டார். சிட்டிகள் கூட்டமாகச் சேர்ந்து உருண்டை ஆனபோது திருப்பூர் தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு அதில் பெரிய லயிப்பு இல்லை. கோர்ட் உத்தரவுப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் இடத்தில்தான் ஜீனோவின் ரத்தபந்தம் தெரிந்தது. அரங்கமே அடங்கிப்போனது. பக்கத்து இருக்கையில் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன். வாழ்நாளெல்லாம் ஓவர்லாக் மெஷினைக் கழற்றி மாட்டிய கைகளைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தார்.

வெளியே வந்ததும் கேட்டார்: "முன்ன டிவியில வந்துச்சே, அந்த நாய்க் கதையும் இவரு எழுதுனதுதானுங்களா?"

மறுநாள் அப்பாவின் தொகுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.