மரத்தோடு மரமாக ஒரு கமரா

மான் வேட்டைக்காகத் தானியங்கிக் கமராவை மரத்தோடு மரமாக மறைத்துக் கட்டுவது அமெரிக்காவில் பெரும் வியாபாரம். இலங்கையின் தம்புள்ளையில் அந்த நோக்கமே குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் புள்ளிமானையும் மரையையும் வேட்டையாடத் தடைவிதிக்கிறது. ஆனால் கமரா ஆய்வாளர் கையில் இலங்கைக் காடுகளுக்கு எப்போதோ வந்துவிட்டது. கூடவே மறைக்கும் பழக்கமும் வந்தது. அது எவ்வளவு தேவை என்பதுதான் கேள்வி.

மானிடமிருந்து மறைப்பதற்கென்று விற்கப்படும் இலைவண்ண உறைகளில் பெரும்பகுதி வாங்குபவரின் கண்ணுக்குத்தான். மானின் கண்ணில் இரண்டு வகை நிறக்கூம்புகளே உண்டு. சிவப்பும் பச்சையும் அதற்குப் பெரிதாக வேறுபடாது. நீலமும் புறஊதாவும்தான் நன்றாகத் தெரியும். அதற்குமேல் மூக்கு இருக்கிறது. வியர்வை படிந்த பட்டியை வீரை மரத்தில் இறுக்கிவிட்டு, பெட்டிமேல் பட்டைத்துண்டு ஒட்டி என்ன பயன்? இரவு வெளிச்சம் அதைவிட முக்கியம். 850 நானோமீற்றர் அகச்சிவப்பு விளக்கு எரியும்போது மங்கலான செம்புள்ளி தெரியும். 940இல் அது தெரியாது, ஆனால் படம் இருளும், தூரமும் குறையும். போதாததற்குக் கமரா எழுப்பும் நுண்ணொலியே பல விலங்குகளுக்குக் கேட்கும்.

மறைப்பு மிஞ்சினால் கெடுதலும் உண்டு. பெட்டிக்கு முன்னால் செருகிய கிளை கச்சான் காற்றில் ஆடினால், வெயிலில் சூடேறிய இலையையே விலங்கென்று உணரி எண்ணிக்கொள்ளும். நினைவட்டை நிறைய வெறும் இலைதான் மிஞ்சும். உலர்வலய நண்பகலில் மண்ணின் சூடு உடற்சூட்டை நெருங்கும்போதோ, எதிரே நிற்கும் மானையே அது தவறவிடும். பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டுவது தனிக்கதை.

ஆக, மறைப்பு உண்மையில் மனிதருக்கு எதிரானது. கமரா களவு போகும், உடைக்கப்படும். அதனால் அதில் நியாயம் உண்டு. கட்டுத்துவக்கும் கம்பிச் சுருக்கும் வைப்பவரைப் பிடிக்கவும் உதவும். ஆனால் அதே கமரா விறகுக்கும் தேனுக்கும் போகிறவரையும் படம்பிடிக்கிறது. இந்தியாவின் கோர்பெற் புலிகள் காப்பகத்தில் என்ன நடந்தது? காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு பெண்ணின் படம் சமூக வலைத்தளத்தில் பரவியது. ஊரவர் கமராக்களை உடைத்தார்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் திரிஷாந்த் சிம்லாய் 2024இல் இதைப் பதிவுசெய்தார். மறைப்பதால் களவைத் தடுக்கலாம், நம்பிக்கையை வாங்க முடியாது.

கமராவின் பலத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 ஜனவரியில் வனசீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் பதிவான கருஞ்சிறுத்தையின் படம் வெளியானது. அதே ஆண்டு மே மாதம் நல்லதண்ணியில் கம்பியில் சிக்கிய ஒரு கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் இறந்தது. படம் இருந்தும் கம்பி அகலவில்லை.

எனக்கு அதிகம் அச்சம் தருவது தண்ணீர். வறண்ட நிலமான அரிசோனாவில் நீர்நிலைகள் சில. அங்கே கட்டிய கமரா விலங்கு வரும் நேரத்தையே காட்டிக்கொடுத்துவிடும். வேட்டைக்குக் கமரா பயன்படுத்துவதை அந்த மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் தடை செய்ததன் பின்னணியில் இந்த வாதமும் இருந்தது. ஓகஸ்டில் தம்புள்ளையைச் சுற்றிய சிறுகுளங்கள் வற்றும்போது இங்கும் அதே நிலைதான். தம்புள்ளையில் பொப்ஹாம் என்பவர் 1963 முதல் வளரவிட்ட மரங்களின் நடுவே இருந்தாலும் சரி, மின்னேரியாப் பக்கம் இருந்தாலும் சரி, தண்ணீரோரப் படம் என்பது திருட்டு வேட்டைக்காரனுக்கு நேர அட்டவணை.

ஆகவே இங்கே கமரா கட்டுகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான்: இலைவண்ண உறையை விட்டு இரும்புப் பெட்டியும் பூட்டும் வாங்குங்கள், காட்டு வழியில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை வையுங்கள், படத்தைப் பகிர்ந்தாலும் இடத்தையும் நேரத்தையும் பகிராதீர்கள்.