ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து எழுதிய நன்றி

ஆசிரியருக்கு நன்றி கூறி எழுதப்படும் மடல்களை இலக்கியமாகக் கொண்டு ஆராய்வது தகுமா என்று சிலர் வினவலாம். தகும் என்பதே நமது துணிபு. 1962ஆம் ஆண்டு முதல் செப்டம்பர் 5ஆம் நாள் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாள் நெருங்கும்போது திருப்பூரிலும், அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களிலும் சிறுவர் சிறுமியர் எழுதிக் குவிக்கும் வாழ்த்து மடல்களைக் காண்கிறோம். இவ்வட்டாரத்தில் இத்தனை பேர் எழுதும் பிறிதோர் இலக்கிய வகை உண்டோ என்பது ஐயமே. பலரும் எழுதுவது என்பதனாலேயே ஒன்று ஆய்வுக்கு அப்பாற்பட்டதாகிவிடாது.

பிள்ளைகள் எழுதுவதை விடுவோம், அவர்கள் மன்னிக்கத்தக்கவர்கள். பெரியவர்கள் எழுதுவதைப் பார்ப்போம். ஓர் ஆசிரியர் பணிநிறைவு பெறும் நாளில் கண்ணாடிச் சட்டமிட்டு, பொன்னிற எழுத்தில் அச்சிட்டு, மேடையில் உரக்கப் படித்துக் கையளிக்கப்படும் பாராட்டு மடலை நாம் அனைவரும் அறிவோம். அதில் ஆசிரியர் ஏணியாவார், மெழுகுவர்த்தியாவார், கலங்கரை விளக்கமாவார், இறுதியில் தோணியும் ஆவார். மேடைகளில் இவற்றைக் கேட்டுக் கேட்டு நாம் ஒரு சோதனையை வகுத்துக்கொண்டோம். மடலிலுள்ள பெயரை நீக்கிவிட்டு அடுத்த ஆண்டு ஓய்வுபெறவிருக்கும் ஆசிரியரின் பெயரை இட்டுப் பார்க்க வேண்டும். மடலுக்கு ஒரு குறைவும் நேரவில்லையாயின், அது எவருக்கும் எழுதப்படாத மடல். நமது ஊர்வழக்கில் சொன்னால், அது எல்லா உடம்புக்கும் பொருந்துமாறு தைத்த பனியன். எவருக்கும் அளவெடுத்துத் தைத்ததன்று.

வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையில் வரும் சீடர் ஐவரையும் நினைத்து நாம் சிரிக்கிறோம். அவர்களிடம் குருபக்திக்கு என்ன குறை? ஒன்றுமில்லை. தம் குருவை உள்ளபடி காணும் கண்தான் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நமது மேடை மடல்களின் நோயும் அதுவே. அன்பு பொய்யன்று; ஆனால் அந்த அன்பு எந்த மனிதரையும் உற்றுப் பார்த்ததில்லை.

உற்றுப் பார்த்து எழுதிய நன்றிக்குத் தமிழில் ஒரு பெருஞ்சான்று உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் ஆசான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வாழ்க்கையை எழுதிய நூல் 1933ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. பிள்ளையவர்கள் மறைந்தது 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில். அதாவது, நன்றி அச்சேறுவதற்கு ஐம்பத்தேழு ஆண்டுகள் பிடித்தன. எழுதியவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. ஆசானிடம் அவர் பயின்றதோ ஐந்தாண்டுகளுக்கும் குறைவு. 1871இல் மாயூரத்தில் சேர்ந்தவர், ஆசானின் இறுதிவரை உடனிருந்தார்.

இந்நூலைக் கவிதைத் திறனாய்வாகக் கொண்டு படிப்பவர் ஏமாறுவர். பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்களே இருபதுக்கு மேல். அவற்றுள் எது சிறந்தது, எது கடமைக்குப் பாடியது என்று ஐயர் தரம் பிரித்துக் காட்டவில்லை. பாடச் சொன்னவர் பெயர், பாடிய இடம், அரங்கேற்றம், சிறப்புப்பாயிரம் அளித்தவர்கள் என்று பக்கங்கள் நீள்கின்றன. சில அதிகாரங்களை நாமும் தாள்களைத் தள்ளிக்கொண்டே கடந்ததுண்டு. அந்தப் புராணங்களை இன்று படிப்போர் மிகச் சிலரே என்பதையும் ஒளிக்க வேண்டுவதில்லை.

ஆயினும் அப்பக்கங்களுக்கு இடையே ஒரு மனிதர் நடமாடுகிறார். அவர் பாடல்களை வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டே போகிறார். ஏடெழுதுபவரின் கை பின்தங்குகிறது. மாணாக்கரின் உணவைப் பற்றிக் கவலைப்படுகிறார்; தமக்கோ கடன் தீர்ந்தபாடில்லை. ‘வேங்கடராமன்’ என்ற பெயரோடு வந்த இளைஞரிடம், வீட்டில் வேறு பெயர் உண்டா என்று கேட்டு, ‘சாமிநாதன்’ என்ற பெயரைத் தேர்ந்துகொள்கிறார். இன்று நாம் அறிந்திருக்கும் பெயர், ஆசான் வாயினின்று வந்த பெயர்.

இங்கே ஒரு கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஐயர் தமது நன்றியில் கசப்பானவற்றை நீக்கிவிடவில்லை. அவர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர். மாயூரத்தில் தமிழ் பயின்றபோதே, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயிலத் தொடங்கினார். பிள்ளையவர்களுக்கு அது உவப்பாக இல்லை. இசையில் மனம் சென்றால் இலக்கியத்தில் ஊக்கம் குறையும் என்பது அவர் கருத்து. மாணாக்கர் இசைப் பயிற்சியை நிறுத்திக்கொண்டார். ஓர் இளைஞன் தன் குலச் செல்வத்தை ஆசானின் சொல்லுக்காகக் கைவிட்டான் என்பது சிறு செய்தியன்று. அதே பாரதியாரின் நந்தன் சரித்திரத்தில் இலக்கணப் பிழைகள் இருந்தமையால் பிள்ளையவர்கள் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதும், பின்னர் அவர் பாடக் கேட்டு மனம் உருகி அளித்ததும் பதிவாகியுள்ளன. மேடை மடல் எழுதுவோர் இவற்றை மறைத்திருப்பர். மறைத்திருந்தால் பிள்ளையவர்கள் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார். மற்றுமொரு மெழுகுவர்த்தியே கிடைத்திருக்கும்.

ஆசானின் இறுதி நேரத்தைப் பற்றிய பகுதியை நம் வாசகர்கள் தனியே எடுத்துப் படிக்க வேண்டும். மாயூரத்தில் முனிசீபாக இருந்த நமது வேதநாயகம் பிள்ளைக்கும் பிள்ளையவர்களுக்கும் இருந்த நட்பு பலரும் அறிந்தது. குளத்தூர்க்கோவை அவர்மீது பாடப்பட்டதே. ஆனால் சவேரிநாத பிள்ளையை அறிந்தவர் குறைவு. அவர் கிறித்தவர், பிள்ளையவர்களின் மாணாக்கர். சைவப் பெரும்புலவரான ஆசான், உயிர் பிரியும் வேளையில் அக்கிறித்தவ மாணாக்கரின் மார்பில் சாய்ந்திருந்தார். அருகிலிருந்த அந்தண மாணாக்கர் திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தார். இதனை ஐயர் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக விளக்கிக் கொண்டிருக்கவில்லை. யார் எங்கே அமர்ந்திருந்தார், என்ன படிக்கப்பட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். நாம் எழுதியிருந்தால் அவ்விடத்தில் ஒரு மறையுரையே ஆற்றியிருப்போம்!

மற்றொன்றும் கருதத்தக்கது. ஐயருக்குப் புகழ் தேடித்தந்த சீவக சிந்தாமணியை அவர் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்கவில்லை. 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் வினவியபோதுதான் அந்நூலின் பக்கம் திரும்பினார். பதிப்பு வெளிவந்தது 1887இல். ‘என் புகழுக்கும் ஆசானுக்கும் தொடர்பில்லை’ என்று எண்ண அவருக்கு இடமிருந்தது. அவ்வாறு அவர் எண்ணவில்லை. பிள்ளையவர்களின் மூத்த மாணாக்கரான தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பணியை 1880இல் ஐயருக்குப் பெற்றுத் தந்தார். சென்னைத் திருவல்லிக்கேணியில் ஐயர் வாழ்ந்த வீட்டுக்கு இட்ட பெயர் ‘தியாகராச விலாசம்’. அதுவும் ஒரு நன்றி மடலே. ஒரே சொற்றொடரில் அமைந்தது. 2012இல் அவ்வீட்டை இடிக்கலானார்கள். தமிழர் தம் நன்றியை எங்ஙனம் காக்கின்றனர் என்பதற்கு அதற்குமேல் சொல்ல வேண்டுவதில்லை.

மேலை நாட்டு மடல் ஒன்றையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். 1957இல் நொபேல் பரிசு பெற்ற அல்பேர் காம்யு, அவ்வாண்டு நவம்பர் 19ஆம் நாள் அல்ஜீரியாவில் தமக்குத் தொடக்கப்பள்ளியில் கற்பித்த லூயி ஜெர்மேன் என்பாருக்கு ஒரு மடல் வரைந்தார். மிகச் சிறியது, ஒரு தாளுக்குள் அடங்குவது. பரிசுச் செய்தி கேட்டதும் முதலில் தாயை நினைத்ததாகவும், அடுத்து ஆசிரியரை நினைத்ததாகவும் அதில் கூறுகிறார். கடவுள் நம்பிக்கை தமக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டவர் அவர். ஆயினும் அம்மடலை நாம் மதித்துப் படிக்கிறோம்.

அம்மடலின் பின்னணி திருப்பூர்க்காரருக்கு விளக்கம் தேவைப்படாதது. தந்தை 1914இல் போரில் மாண்டார். எழுத்தறியாத தாய் வீட்டுவேலை செய்து பிழைத்தார். வீட்டை ஆண்ட பாட்டிக்குப் பேரன் விரைவில் சம்பாதிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆசிரியர் வீடு தேடிச் சென்று பாட்டியிடம் வாதாடினார். உதவித்தொகைத் தேர்வுக்குப் பையனை ஆயத்தம் செய்தார். பையன் 1924இல் உயர்நிலைப்பள்ளி புகுந்தான். நம் ஊரில் அந்தப் பாட்டியை எத்தனை வாசற்படிகளில் கண்டிருக்கிறோம்! தையற்காரர் பக்கத்தில் நின்று துணியை மடித்தும் எடுத்தும் கொடுக்கும் ‘கைமடி’ வேலைக்கும், பிசிர் வெட்டும் வேலைக்கும் பனியன் கம்பெனிகள் ஒரு காலத்தில் சிறுவரையே நாடின. வாரக் கூலி வீட்டுக்கு வரும்போது, ஐந்தாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் எம்மாத்திரம்?

இங்கேதான் நன்றி மடல் என்னும் இவ்விலக்கிய வகையில் நாம் காணும் பெருங்குறை உள்ளது. அது வென்றவர்களின் இலக்கியம். நொபேல் பெற்றவர் எழுதுகிறார், மகாமகோபாத்தியாயர் எழுதுகிறார், மருத்துவரும் பொறியாளரும் எழுதுகின்றனர். ‘நான் இந்நிலை அடைந்தேன்’ என்பது முதலில் வந்து, ‘உம்மால்’ என்பது பின்னால் வருகிறது. சில மடல்களில் ஆசிரியரைக் காட்டிலும் எழுதியவரின் பதவியே பெரிய எழுத்தில் நிற்கிறது. பாட்டியிடம் வாதாடித் தோற்றுத் திரும்பிய ஆசிரியருக்கு யார் எழுதுவார்? இந்த வட்டாரத்தில் அவ்வாறு தோற்றவர்களே மிகுதி. வேலைக்குப் போன பிள்ளையோ, ‘படிக்காமல் போன எனக்கு மடல் எழுத என்ன தகுதி?’ என்று ஒதுங்கிவிடுகிறது.

அத்தகைய மடல் ஒன்றைப் படிக்கும் பேறு நமக்கு ஒருமுறை கிட்டியது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொணர்ந்து காட்டினார். கோடிட்ட நோட்டுத் தாளில், இரு பக்கங்கள். எழுதியவர் ஐந்தாம் வகுப்போடு நின்று கைமடியாகச் சென்றவர். இப்போது செக்கிங் பகுதியில் மேற்பார்வை செய்பவர். ஆசிரியை தம் தந்தையிடம் பேசவந்த இரண்டு முறைகளையும், இரண்டாம் முறை தந்தை வாசலிலேயே நிறுத்திப் பேசியதையும் எழுதியிருந்தார். அதன்பின் சில மாதங்கள் ஞாயிறு மாலைகளில் ஆசிரியை அந்த லைன் வீட்டுக்கு வந்து, திண்ணையில் அமர்ந்து ஒரு பக்கம் சொல்வதெழுதுதல் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒருநாள் மழையில் நனைந்த நோட்டை அடுப்பருகே காயவைத்ததுகூட விடுபடவில்லை. இன்று துணியில் ஓட்டையோ கறையோ இருந்தால், அதைச் சீட்டில் தம் கையாலேயே எழுதிவிட முடிகிறது என்றும், பிறரைக் கூப்பிட வேண்டியதில்லை என்றும் தெரிவித்திருந்தார். ஏணியும் இல்லை, விளக்கும் இல்லை. நமது சோதனையின்படி அம்மடலில் வேறெந்த ஆசிரியையின் பெயரையும் இட முடியாது.

றகர ரகரப் பிழைகள் பல இருந்தன. முடிவில், பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி அனுப்புமாறு வேண்டியிருந்தார். ‘திருத்தவா, அப்படியே வைத்துக்கொள்ளவா?’ என்று ஆசிரியை நம்மிடம் கேட்டார். கேட்டவர் மாணவி, அவர் கேட்டபடி செய்வதே முறை என்றோம். கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அந்தப் படியில் பதினோரு இடங்களைச் சிவப்பு மையால் திருத்தி, கீழே கையொப்பமிட்டு அஞ்சலில் சேர்த்தார். மூலத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.