தெரிவும் தேசியமும்: மன்னார் நாடகப் பாடல்களை முன்வைத்து

1956இல் தொடங்கிய யூரோவிஷன் போட்டியில் ஒரு நாட்டின் பாடலுக்கு மூன்று நிமிடமே எல்லை. 2012இல் சியோலில் நிகழ்ந்த ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் முதலாவது தொலைக்காட்சிப் பாடல் விழாவில் இலங்கையும் பங்குபற்றியது. இத்தகைய அரங்குகளுக்கு மன்னாரிலிருந்து எதனைத் தெரிவது?

மன்னார்க் கத்தோலிக்கரின் நாடகங்கள் விடியவிடிய ஆடப்பெறுபவை. ஊரவரே பாடுநர், ஊரவரே அவையோர். சு. வித்தியானந்தன் 1964இல் எண்டிறீக்கு எம்பரதோர் நாடகத்தைப் பதிப்பித்தமையை நாம் போற்றுகின்றோம். ஆயின் அச்சில் நின்றது சொல்லே. இசை அண்ணாவிமாரின் குரலில் வாழ்வது. அவர்களை விலக்கி ஒரு மெட்டை மட்டும் நறுக்கியெடுப்பின், கிடைப்பது மாதிரித் துணுக்கேயன்றிப் பிரதிநிதித்துவமன்று. ஆடுவோரும் பாடுவோரும் தெரிவில் இடம்பெறாதவரை, உலகு கேட்பது நாட்டின் குரலன்று; தெரிவாளரின் சுவையே எனலாம்.