உப்புப் பாத்தியும் ஒளித்திரையும்

செயற்றிட்டமுறை புதியதொன்றன்று. அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918ஆம் ஆண்டிலேயே அதனை விரித்துரைத்தார். 1937இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலைப் பாடத்தின் நடுவில் நிறுத்தியது. இலங்கையின் ஆரம்ப வகுப்புகளுக்குரிய 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்னும் பாடமும் பெயரளவில் அவ்வழிப்பட்டதே. இன்று அதனோடு கணினியும் கைத்தொலைபேசியும் சேர்ந்துள்ளன. சேர்ந்தமை நன்றோ தீதோ என்பதன்று வினா; சேர்ந்தபின் பிள்ளைக்கு எஞ்சும் வேலை யாது என்பதே வினா.

புத்தளக் களப்பின் உப்பளங்களை எடுத்துக்கொள்க. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலிலும் காற்றிலும் சுண்டவைப்பதே அங்குள்ள தொழில். ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள. நீர் பத்திலொரு பங்காகச் சுருங்கும்வரை கறியுப்புப் படியாது. அதற்கு முன்னரே ஜிப்சம் படிந்துவிடும். அளவுக்கு மிஞ்சிச் சுண்டினாலோ மகனீசிய உப்புகள் கலந்து கைக்கும். ஆதலின் நீரமானியே உப்பளத்தின் கண். போமே அளவையில் கடல்நீர் ஏறக்குறைய 3.5 பாகை, கறியுப்புப் படியத் தொடங்குவது 25 பாகையளவில்.

இவையனைத்தையும் ஒளித்திரையிற் பத்து நிமிடத்திற் காட்டிவிடலாம், பிள்ளைகளும் மகிழ்வர். ஆனால் சுண்டுதற்குரிய காலம் அங்கே களவு போகிறது. காத்திருத்தலும் ஐயுறுதலும் இன்றி விஞ்ஞானம் ஏது? இதனினும் கேடானது, இணையத்திலிருந்து எடுத்த படங்களை அட்டையில் ஒட்டிச் செயற்றிட்டமென ஒப்படைத்தல். ஒட்டிய கை பெரும்பாலும் தமக்கையினுடையது!

எனினும் கருவியை வெறுப்பதும் பேதைமையே. உறிஞ்சுகுழாயின் அடியிற் களிமண் அடைத்து மிதக்கவிட்டால் அதுவே ஒரு நீரமானி. கடல்நீரிலும் சுண்டிய நீரிலும் அதனை இட்டு, மிதக்கும் மட்டத்தைக் கோடிட்டுப் பார்க்கப் பத்து வயதுப் பிள்ளைக்கு இயலும். தட்டில் ஊற்றிய நீரை நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து படமெடுக்கக் கைத்தொலைபேசி உதவும். கண்ணுக்கெட்டாத படிகத்தின் சதுர முகத்தைப் பெருக்கிக் காட்டவும் அதுவே உதவும். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் 1972 முதல் 2002 வரை நடந்த விஞ்ஞானக் கல்வித் திட்டமும், நடுநிலை வகுப்புகளுக்கேயாயினும், எளிய பொருள்களையே நம்பியது.

இடர் மதிப்பீட்டிலேயே உளது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை நோக்கி விரையும் வகுப்பில், மூன்று நாள் மழை பெய்து தட்டின் நீர் சுண்டாமற்போன குறிப்பேட்டுக்கு என்ன புள்ளி? மழையை உள்ளபடி எழுதிய பிள்ளைக்கு, வண்ண அட்டை கொணர்ந்த பிள்ளையினும் குறைவாக இடும் ஆசிரியர், அடுத்த தவணையில் இரண்டு வண்ண அட்டைகளைப் பெறுவார்.