கேட் ஷோபானின் ‘புயல்’ : காமச் சிறுகதை ஒன்றன் நிறையும் குறையும்

காமத்தைப் பொருளாகக் கொண்ட சிறுகதைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றில் வழுவுகின்றனர். ஒரு சாரார் கதைமாந்தரின் ஒழுக்கத்தை எடைபோட்டு, அதனையே கதையின் எடையெனக் கொள்வர். மற்றொரு சாரார் ஆசிரியரின் துணிவைப் பாராட்டி, துணிவே கலையென அமைவர். இரண்டும் கதையைக் கதையாகக் காணாத நோக்குகளே. காமத்தைக் கூறுமிடத்து மாந்தர் விளக்கம் பெறுகின்றனரா, மறைந்துபோகின்றனரா என்பதே ஆராய்தற்குரிய வினா. இவ்வினாவை முன்வைத்து, அமெரிக்கப் பெண் எழுத்தாளர் கேட் ஷோபான் (1850–1904) இயற்றிய ‘புயல்’ என்னும் சிறுகதையை ஈண்டு ஆராய்வோம்.

இக்கதை 1898 சூலைத் திங்களில் எழுதப்பெற்றது. ஆசிரியர் தம் வாழ்நாளில் இதனை வெளியிடவில்லை. மணமான பெண் ஒருத்தியின் வேட்கையைக் கூறும் அவருடைய ‘விழிப்பு’ என்னும் புதினம் 1899இல் வெளிவந்து கடுங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அதனினும் வெளிப்படையான இச்சிறுகதையை அக்கால இதழ்கள் ஏற்றிரா எனக் கருதுதல் தகும். பெர் சேயர்ஸ்டெட் என்னும் நார்வே நாட்டு அறிஞர் தொகுத்த முழுத்தொகுதியில் 1969இல்தான் இது முதன்முறையாக அச்சேறியது.

கதையமைப்பு

களம் லூசியானா மாநிலத்துச் சிற்றூர். ஐந்து சிறு பகுதிகளாகக் கதை நடக்கிறது. கடைக்குச் சென்ற போபினோவும் அவனுடைய நான்கு வயது மகன் பீபியும் புயல் வருவதுகண்டு அங்கேயே தங்குகின்றனர். மனைவி கலிக்ஸ்டா விரும்பி உண்பாளென்று இறால் அடைத்த தகரக்குவளை ஒன்றைப் போபினோ வாங்கிக்கொள்கிறான். வீட்டில் தனித்திருந்த கலிக்ஸ்டாவிடம், மழைக்கு ஒதுங்க இடம் வேண்டி ஆல்சே குதிரைமேல் வருகிறான். மணத்திற்கு முன் அவள்மேல் காதல் கொண்டிருந்தவன் அவன். புயலின் நடுவே இருவரும் கூடுகின்றனர். மழை ஓய்கிறது, அவன் செல்கிறான், கணவனும் மகனும் திரும்புகின்றனர், மூவரும் மகிழ்ந்து உண்கின்றனர். வெளியூரில் தங்கியிருக்கும் தன் மனைவி கிளாரிசுக்கு, இன்னும் ஒரு திங்கள் இருந்து வரலாமென ஆல்சே அன்போடு மடல் எழுதுகிறான். அவளும் அதனை மகிழ்ந்து ஏற்கிறாள். அனைவர்க்கும் மகிழ்ச்சி எனக் கூறிக் கதை முடிகிறது.

நிறைகள்

முதல் நிறை, காமத்தை ஆசிரியர் இல்லத்தின் நடுவே நிறுத்தியது. தையல் எந்திரத்தின் முன் அமர்ந்து விரைந்து தைத்துக்கொண்டிருக்கும் கலிக்ஸ்டா, புழுக்கம் தாளாமல் கழுத்தருகே சட்டையைத் தளர்த்துகிறாள். புயல் வருவதை அவள் இன்னும் உணரவில்லை. அவள் உடல் உணர்ந்துவிட்டது. ஆல்சே வரும் நேரத்தில் அவள் முன் தாழ்வாரத்தில் காயும் கணவனின் ஞாயிற்றுக்கிழமை உடைகளை எடுக்க வெளிவருகிறாள். கணவன் கதையின் நடுப்பகுதியில் இல்லை. அவன் உடைகள் இருக்கின்றன. கணவனைக் கொடியவனாகக் காட்டி மனைவிக்கு இரக்கம் தேடும் எளிய வழியை ஆசிரியர் மேற்கொள்ளவில்லை என்பதும் எண்ணத்தக்கது.

இரண்டாவது, புயலின் ஆட்சி. தமிழ் இலக்கணத்தார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். அவை உரிப்பொருளுக்குப் பின்னணியாக மட்டும் நில்லாமல் அதனோடு ஒன்றி இயங்குதலை அகப்பாடல்களில் காண்கிறோம். இக்கதையிலும் அவ்வியக்கம் உண்டு. சாரல் தாழ்வாரத்திலிருந்து ஆல்சேயை உள்ளே தள்ளுகிறது. மரத்தில் விழுந்த இடி கலிக்ஸ்டாவை அவன் கையணைப்பில் சேர்க்கிறது. கூடியிருக்கும்போதோ அதே முழக்கம் கேட்டு அவள் சிரிக்கிறாள். அச்சம் சிரிப்பாக மாறும் அவ்விடமே கதையின் உச்சம். குற்றவுணர்வோ கண்ணீரோ தண்டனையோ தொடராத பெண்ணின்பத்தை அந்நூற்றாண்டின் எழுத்தில் காண்பது அரிது.

மூன்றாவது, இறால் குவளை. மனைவி சினப்பாளோ என்று அஞ்சும் போபினோ, வாயிலில் நுழையுமுன் நீர்த்தொட்டியருகே நின்று மகனின் சேற்றைத் துடைக்கிறான். உள்ளே அவர்களைத் தழுவி வரவேற்கிறாள் கலிக்ஸ்டா. அவள் உவகையின் காரணம் அவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அவன் நீட்டும் எளிய பரிசைக் கண்டு நகைக்கவும் இயலவில்லை, நகையாதிருக்கவும் இயலவில்லை. ஆசிரியர் ஒரு சொல்லும் விளக்காமல் விட்ட இவ்விடம் கதையில் தலைசிறந்தது.

குறைகள்

கூட்டத்தை வருணிக்கும் பகுதியில் உவமைகள் அடுக்கடுக்காக வருகின்றன. கலிக்ஸ்டாவின் மேனி அல்லியாகிறது, இதழ் மாதுளை விதையாகிறது, வேட்கை வெண்சுடராகிறது. தையல் எந்திரமும் தகரக்குவளையும் கொண்டு கதையை நடத்திய கை, முதன்மையான இடத்தில் பழகிய அணிகளை நாடுகிறது. ஒருத்தியாக இருந்தவள் பொதுவான பெண்மையாகிவிடுகிறாள். ஆல்சேயோ வெறும் வேட்கையாகிவிடுகிறான்; அவன் உள்ளத்தைப் பின்னர் எழுதும் மடலிலும் நாம் காண்பதில்லை.

முன்கதைச் சார்பு அடுத்த குறை. 1892இல் எழுதிய ‘அக்கேடியர் நடனவிழாவில்’ என்னும் கதையின் தொடர்ச்சியே இது. ஆல்சே நிலக்கிழார் குடியினன். கலிக்ஸ்டா எளிய குடியினள். கிளாரிஸ் வந்து அவனை அழைத்துச் சென்ற பின்னரே, கலிக்ஸ்டா போபினோவை மணக்க இசைகிறாள். இந்த ஏற்றத்தாழ்வு இக்கதையில் விளி ஒன்றில் மட்டும் எஞ்சுகிறது: அவன் அவளைப் பெயர் சொல்லி அழைக்க, அவள் அவனை மதிப்பு அடையோடு விளிக்கிறாள். செய்தி வெளிப்பட்டால் இருவர்க்கும் இழப்பு ஒத்ததாக இராது. கதை அதனை எண்ணிப் பார்க்கவில்லை.

பெருங்குறை முடிவில் உள்ளது. அகப்பாடலின் தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்பெறாதவர்; அவர்தம் இன்பத்தை அந்நொடியளவில் நிறுத்துதல் இயலும். இக்கதையின் மாந்தர்க்கோ பெயருண்டு, பிள்ளையுண்டு, நாளையுமுண்டு. அவர்களை ‘அனைவரும்’ என ஒரு சொல்லில் தொகுத்து மகிழ்ச்சி என்று தீர்ப்பளிக்கும்போது, அறியாமையால் மகிழ்பவனும் அறிந்து மகிழ்பவளும் ஒரே நிரையில் வைக்கப்படுகின்றனர். இஃது அங்கதம் என்பர் சிலர். போபினோவைப் பொறுத்தவரை அது பொருந்தும். இறால் குவளை அதற்குச் சான்று. ஆனால் கிளாரிசின் மனநிறைவுக்குச் சான்று கதைக்குள் இல்லை. இல்லற நெருக்கத்திலிருந்து சிறிது விடுதலை பெற்றதாக அவள் உணர்வது ஆழ்ந்த பொருள்; தனிக்கதைக்கு உரியது. அதனைச் சில வரிகளில் கூறி, ஆல்சேக்கு வசதியாக முடித்தது ஆசிரியரின் அவசரம்.

முடிவுரை

‘புயல்’ கதையின் குறை அதன் துணிவில் இல்லை. துணிவு முழுமை பெறாமையே குறை. உடலின் உண்மையைக் கூறத் தயங்காத ஆசிரியர், அதன் விளைவை நால்வர் உள்ளத்திலும் தொடர்ந்து சென்று காணத் தயங்கினார். எனினும் இழிவும் மிகைப்புனிதமும் இன்றி, உழைக்கும் பெண்ணொருத்தியின் இன்பத்தைச் சிரிப்பொலியோடு எழுதிய பெருமை இச்சிறுகதைக்கு உண்டு. காமத்தை எழுத முற்படுவோர் இதன் அல்லி மலரை விடுத்து, இறால் குவளையைக் கற்பாராயின் பயன் மிகும்.